அந்தப் பிள்ளைக்கு முன்பல் சொந்தப் பல்லா?

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் பல் வைத்தியராக இருக்கிறேன். பின்னேரங்களில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கிலும் பார்க்கிறேன். பேராதனையில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள்தான். அண்மையில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் அன்ரி பல் கிளீன் பண்ண வந்தார். கதிரையை விட்டு எழும்பும்போது, தன் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ளை உன்னட்டத்தானே வாறது மகள்? முன்பல்லு சொந்தப் பல்லா, கட்டின பல்லா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பிரிட்ஜ் போட்டதே நான்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தேன். அன்ரியும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது சம்பந்தம் இழுபடுகிறதாம். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையே, இது என் பிழையா? "சொந்தப் பல்தான்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? இன்னொன்று: 19 வயது மகனைக் கூட்டிவரும் ஒரு தாய், "இவன் பாபுல் போடுறானா?" (பாபுல் என்பது மெல்லும் பாக்குக் கலவை) என்று என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்கிறார். காசு கட்டுவது அவர்தான். கடைசியாக, கிளினிக் முதலாளி நோயாளிகளின் சிகிச்சைக்கு முன், பின் படங்களைப் பேஸ்புக்கில் போடச் சொல்கிறார். கண்ணை மறைத்தால் போதும் என்கிறார். போதுமா?
பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். மேலே இருப்பது மிச்சம். அந்தப் பெண்ணின் பெயரை நீங்கள் எழுதவில்லைத்தான். ஆனால் என்ன உத்தியோகம், எந்தப் பக்கத்து ஆள், பல் எப்படிப் போனது, மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார், எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சியதிலும் இரண்டொன்றை மாற்றியிருக்கிறேன். திருகோணமலையில் ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் எதற்கு? "உவர்மலையில் ஒரு ரீச்சர், மாப்பிள்ளை கனடா" என்று சும்மா ஓர் உதாரணத்துக்குச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் தகப்பன் பெயர் முதற்கொண்டு சொல்லிவிடுவார். காலையில் பத்திரகாளி கோயிலில் கண்ட முகத்தைத்தான் பின்னேரம் மீன் வாங்கும்போதும் காண்கிறோம். பெயரைச் சொல்லாமல் நோயாளியின் கதையைச் சொல்லலாம் என்ற வசதி பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டதில் பாதிக்கு இதுவே பதில் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

இனி அந்தச் சிரிப்பு. பிழைதான். பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன், வேண்டுமென்று செய்ததுமில்லை. ஆனால் "ஒரு சொல்லும் சொல்லவில்லை" என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். சொந்தப் பல்லாக இருந்தால் நீங்கள் உடனே "ஓம் அன்ரி" என்றிருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, சிரித்தீர்கள். கேட்டு வந்தது அவருக்குக் கிடைத்துவிட்டது.

எங்கள் தொழிலில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கூடாத விஷயத்தை மறைத்தால் இரகசியம் காத்தாயிற்று என்று நினைக்கிறோம். நல்லதைச் சொல்வதில் என்ன வந்தது? "அந்தப் பிள்ளைக்கு ஒரு சூத்தைப் பல்லும் இல்லை அன்ரி, நல்ல துப்புரவு" என்றால் கேட்டவருக்கும் சந்தோஷம், பெண் வீட்டுக்கும் சந்தோஷம். சரி. இரண்டு மாதம் கழித்து இன்னொரு தாய் இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்பார். அந்தப் பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது. அப்போது "நான் நோயாளிகளைப் பற்றிக் கதைப்பதில்லை" என்பீர்கள். அன்றைக்குச் சொன்னவர் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க அந்தத் தாய்க்கு ஒரு நிமிடம் போதும். முதல் பெண்ணைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையே இரண்டாவது பெண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே நல்லதும் சொல்லக்கூடாது. அவர் உங்களிடம் வருகிறாரா என்பதையும் சொல்லக்கூடாது. உங்களிடம் ஒருநாளும் வராத ஆளைப் பற்றிக் கேட்டாலும் "அவ என்னட்ட வாறதில்லையே" என்று சொல்லக்கூடாது. அதைச் சொன்னால், நீங்கள் அப்படிச் சொல்லாத ஆட்கள் எல்லாம் வருகிறவர்கள் என்று ஆகிவிடும். இதை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தானாகத் தீரும்.

அப்போ என்னதான் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நின்றால் மரியாதையில்லை, தாயோடு படித்தவர், சின்ன வயதில் தூக்கித் திரிந்தவர். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அன்ரி, இங்க ஆர் வருகினம், ஆருக்கு என்ன செய்தது எண்டு நான் வீட்டிலயும் கதைக்கிறதில்லை. நாளைக்கு உங்களைப் பற்றி ஆரும் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்." இரண்டாவது வசனத்தை விட்டுவிடாதீர்கள். அந்த அன்ரிக்கும் ஒரு வாய் இருக்கிறது. அதற்குள்ளும் ஊருக்குக் காட்டாத ஏதாவது இருக்கும், இராத்திரியில் கழற்றித் தண்ணீரில் போடும் பல் செட்டாகக்கூட இருக்கலாம். தன்னுடைய கார்டும் இதே அலுமாரியில்தான் இருக்கிறது என்று உறைத்தால் பெரும்பாலானவர்கள் "அதுவும் சரிதான் மகள்" என்று விட்டுவிடுவார்கள். ஒருசிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். போகட்டும், பல்லுக் குத்தும்போது வாய் மூடத் தெரிந்த டொக்டரிடம்தான் அவர்களும் வருவார்கள். ஒன்று, சொல்லும்போது யோசித்து நிற்காதீர்கள். பெயர் கேட்கும் ஒருவருக்குப் பெயர் சொல்வதுபோல உடனே வரவேண்டும். தயங்கினாலே அங்கே ஒரு சேதி இருக்கிறது.

பொய் வேண்டாம். உங்கள் மனம் நல்லதுதான், ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரிட்ஜ் என்பது பல் போன இடத்துக்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்கி, நடுவில் கட்டின பல்லோடு மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து மேலே ஒட்டி வைப்பது. ஒட்டினது ஒருநாள் கழன்றும் வரும். கலியாணம் முடிந்து, மாமியாரும் புருஷனும் வெளி வாங்கில் இருக்க, அந்தப் பெண் கழன்ற பிரிட்ஜை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு உங்களிடம் வந்தால்? அன்றைக்கு நீங்கள் மட்டும் பொய்க்காரியாக மாட்டீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து மறைத்ததாகத்தான் கதை போகும். அந்தப் பெண் உங்களிடம் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கவுமில்லை. ஒருவேளை மாப்பிள்ளையிடம் அவரே எப்போதோ சொல்லியிருப்பார், தாய்க்குத்தான் தெரியாமல் இருக்கலாம். கட்டின பல்லுக்காக நிற்கிற கலியாணம் நிற்கட்டும் என்று எனக்கு வாய்வரை வருகிறது. ஆனால் அது என் கலியாணமுமில்லை, உங்கள் கலியாணமுமில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். கிளினிக் பிள்ளையைக் கொண்டு எடுப்பிக்காமல் நீங்களே கோல் எடுங்கள். தாய் எடுத்தால் "பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுங்கள். பெண் எடுத்தால், உங்களைப் பற்றி ஓர் ஆள் என்னிடம் கேட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டிருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். யார் கேட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை, அவருக்கு விளங்கும். அப்புறம், அவர் விரும்பினால் யாருக்கு வேண்டுமானாலும் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தத் தயார் என்றும் சொல்லுங்கள். அவர் "வேண்டாம் டொக்டர்" என்றால் அதோடு சரி. இந்தக் கோல் எடுப்பது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் இதை வேறு வாயால் கேள்விப்பட்டால் இன்னும் கஷ்டம்.

"பல்லுத்தானே, இதில் என்ன பெரிய இரகசியம்" என்று உங்களோடு வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கார்டை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். முரசு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, வெட்டிச் சீராக்கியாயிற்று என்று எழுதியிருக்கும். பார்க்கிறவருக்கு அது முரசு வருத்தம், அவ்வளவுதான். ஆனால் அப்படி முரசு வளர்வதற்குப் பெயர்போன மருந்து வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடொயின். ஒரு பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்தால் கலியாணப் பேச்சு என்னவாகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினுக்கும் முரசு வளரும், ஆகவே அரைகுறையாகத் தெரிந்தவர் பிழையான வருத்தத்தையும் கட்டிவிடுவார். மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் கரைந்து மினுங்கினால், அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு அடிக்கடி சத்தி எடுக்கிறதா என்று நாங்கள் யோசிக்கிறோம். இரத்தம் இளக்கும் வார்ஃபரின், மனவருத்தத்துக்கு எடுக்கும் குளிசையால் வரண்ட வாய், எக்ஸ்ரேக்கு முன் கேட்ட "பிள்ளை ஏதும் தங்கியிருக்கிறதா?" என்ற கேள்விக்கு வந்த பதில், எல்லாம் அந்த ஒரு கார்டில்தான். வீட்டில் அடி வாங்கி உடைந்த பல்லும் "படியில் விழுந்தது" என்று அதிலேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருக்கிறது, எம்.பி.பி.எஸ். டொக்டர்மாரின் பெயர் இருக்கும் அதே இடத்தில். ஒழுக்கக் கேட்டுக்கு விசாரித்து அந்தப் பெயரை எடுத்துவிடவும் சபைக்கு அதிகாரமுண்டு. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரசிடமிருந்து எத்தனையோ விஷயங்களைக் கேட்டு வாங்கும் உரிமையை எங்களுக்குத் தந்தது. ஆனால் அதிலேயே 5ஆம் பிரிவில், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவர் எழுத்தில் சம்மதம் தந்தாலொழியக் கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனம் வேண்டிய விசேட வகையாக வைத்திருக்கிறது. இதெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் சத்தியத்தில், வைத்தியம் செய்யும்போது மட்டுமல்ல, அதற்கு வெளியே காதில் விழுவதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று இருந்தது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் கொண்டுவந்த ஜெனீவாப் பிரகடனத்தின் இன்றைய வடிவம் ஒரு படி மேலே போய், நோயாளி இறந்த பின்னும் என்கிறது. செத்த வீட்டு வாசலில் கதிரையைக் கிட்டப் போட்டுக்கொண்டு "வெத்திலை போட்டுத்தானே இவருக்கு வாயில வந்தது டொக்டர்?" என்று கேட்பவருக்கும் அதே வசனம்தான்.

ஒரு தர்க்கம் வரும், வந்தேதான் தீரும்: "அப்போ எச்.ஐ.வி. இருந்தாலும் சொல்லமாட்டீர்களா?" இந்தியாவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. இரத்தம் கொடுக்கப் போனவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வைத்தியசாலையிலிருந்து வெளியே தெரிந்து கலியாணம் நின்றது, அவர் வழக்குப் போட்டார். 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம், கட்டப்போகும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்பதால் அந்த வெளிப்படுத்தல் பிழையல்ல என்றது. அந்தத் தீர்ப்பில் கலியாண உரிமையைப் பற்றிச் சொன்னவை தேவையற்றவை என்று அதே நீதிமன்றம் 2002இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அங்கே தராசில் இருந்தது ஒரு குறிப்பிட்ட ஆளின் உயிர். முன்பல்லால் யாருக்கும் தொற்றாது. உண்மையிலேயே எச்.ஐ.வி. உள்ள ஒருவர் உங்கள் கதிரைக்கு வந்தாலும், அவரை விட்டே சொல்ல வைக்கப் பாருங்கள், பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையத்தோடு தொடர்புபடுத்திவிடுங்கள். கார்டின் மட்டையில் சிவப்புப் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே கையுறை, ஒரே கிருமிநீக்கம் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். சிவப்புப் பேனா மற்றவர்களுக்கு ஒழுங்காகச் செய்வதில்லை என்று ஒத்துக்கொள்வதாகவும் ஆகிவிடும்.

உங்கள் வாயை நீங்கள் பூட்டினாலும் கிளினிக்கில் வேறு ஓட்டைகள் இருக்கின்றன. கவுண்டரில் விரித்தபடி கிடக்கும் புக்கிங் கொப்பியைப் பாருங்கள். காசு கொடுக்கக் குனிபவர் மிச்சக் காசு வரும் வரைக்கும் அன்றைய பெயர்களையும் பக்கத்தில் எழுதியிருக்கும் வேலையையும் மேலிருந்து கீழ் வாசித்துவிடுவார். இலக்கம் மட்டும் எழுதுங்கள், அல்லது மூடி வையுங்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாங்கில் நாலு பேர் இருக்கையில் "சீனி வருத்தம் இருக்கா? வேறென்ன குளிசை எடுக்கிறீங்க?" என்று உரத்துக் கேட்க வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். லாபுக்குப் போகும் துண்டில் பெயர் எதற்கு, இலக்கமும் பல்லின் நிறமும் போதும். பேராதனையில் இருக்கும் சிநேகிதிக்கு எக்ஸ்ரேயை வட்ஸ்அப்பில் அனுப்பி யோசனை கேட்பது நல்ல விஷயம்தான், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மூலையில் அச்சாகியிருக்கும் பெயரையும் வயதையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்று: மொழி. உங்களுக்குச் சிங்களம் ஓடாது, வந்தவருக்குத் தமிழ் தெரியாது. உடனே வெளியே எட்டிப் பார்த்து, வரிசையில் இருப்பவரில் இரண்டும் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு "கொஞ்சம் சொல்லி விடுங்கோ" என்கிறோம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. ஆனால் அந்த மனுஷியின் வருத்தம் முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் வாய்வழியாகப் போய்வருகிறது, அந்த முன்பின் தெரியாதவர் அடுத்த தெருவில் இருப்பவராகவும் இருப்பார். கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவரைப் பழக்கி வையுங்கள். வருத்தங்களைப் பற்றிய பத்துப் பன்னிரண்டு கேள்விகளைச் சிங்களத்தில் பாடமாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, அது பெரிய வேலையில்லை.

கிளினிக்கில் நிற்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் வஞ்சகமில்லை. "நேற்று உங்கட மிஸ் எங்கட கிளினிக்குக்கு வந்தவ" என்று தங்கச்சியிடம் சொல்வதில் என்ன பிழை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு எடுக்கும் அன்றே சொல்லி, ஒரு தாளில் கையொப்பமும் வாங்குங்கள்.

இனி அந்தத் தாய். 18 தாண்டினால் அவன் பெரியவன். காசு யார் கட்டினாலும் வாய் அவனுடையது. தாய்க்கும் நீங்கள் சொல்ல வேண்டியது அதே வசனம்தான், கொஞ்சம் மெதுவாக: "அம்மா, அவரிட்டையே கேப்பம், நானும் கதைக்கிறன்." அதோடு விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இங்கே இரகசியத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. அவனைத் தனியே வைத்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பு மாறி வெளிறிப் போயிருக்கிறதா, விரலால் தடவினால் நார் மாதிரி இறுகின பட்டி தட்டுப்படுகிறதா, கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வழுக்காமல் இழுபடுகிறதா, கட்டச்சம்பல் பட்டால் வாய் எரிகிறது என்கிறானா? அவனுடைய மூன்று விரலை நிமிர்த்தி அவன் வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறது என்றால் பாக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. இதை அவனுக்குக் கண்ணாடியில் காட்டிச் சொல்லுங்கள், "அம்மாட்ட நீ தனியச் சொல்லுறியா, நான் பக்கத்தில நிக்க நீயே சொல்லுறியா?" என்று கேளுங்கள். அநேகமாக இரண்டாவதைத் தெரிவுசெய்வார்கள். இரண்டுக்கும் மாட்டேன் என்றால் அடுத்த தவணைக்குத் திகதி போட்டு அனுப்புங்கள். தாயிடம் நீங்கள் போட்டுக் கொடுத்தால் அவன் பாபுலை விடமாட்டான், உங்களிடம் வருவதைத்தான் விடுவான். அந்த வாயைப் பிறகு பார்க்க ஆளில்லை.

வாய் திறந்தே ஆகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சின்னப் பிள்ளை ஒன்று உடைந்த பல்லோடு வருகிறது, உதட்டின் உட்பக்கம் கிழிந்திருக்கிறது, காதோரம் பழைய கண்டல் ஒன்று மஞ்சளாகிக் கிடக்கிறது. கூட்டி வந்தவர் சொல்லும் கதை காயத்தோடு ஒத்துவரவில்லை. பிள்ளைகளுக்கு அடிப்பவர்கள் முகத்திலும் தலையிலும்தான் கூடுதலாக அடிக்கிறார்கள், ஆகவே சில வேளைகளில் மற்ற டொக்டர்மாருக்கு முன்னம் நாங்கள் காண்கிறோம். அங்கே பெற்றோரின் இரகசியம் என்று ஒன்று இல்லை. படம் எடுத்து, அளந்து, கார்டில் எழுதி, வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் அன்றே அனுப்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்கிறது.

மற்றது நீதிமன்றம். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைச் சான்றுக் கட்டளைச் சட்டம் காக்கிறது, வைத்தியருக்கு அந்தக் காப்பு இல்லை. நீதவான் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். பொலிஸ் கிளினிக்குக்கு வந்து வாய்ச்சொல்லில் கேட்டால் எழுத்தில் கொண்டுவரச் சொல்லலாம். வைத்தியசாலை என்றால் மேலிடத்தின் ஊடாக வரட்டும்.

பேஸ்புக்குக்கு வருகிறேன். கண்ணை மறைப்பது பல் வைத்தியத்தில் பகிடி. மற்ற டொக்டர்மாருக்குக் கண்ணை மறைத்தால் கொஞ்சமாவது மறையும். எங்கள் நோயாளியை ஊர் அடையாளம் வைத்திருப்பதே அந்த மிதப்புப் பல்லால்தான், அதைத்தானே நீங்கள் பெரிசாக்கிப் போடப்போகிறீர்கள்? முன் படத்தைக் கண்டவுடன் ஆளைத் தெரியும், பின் படம் அவருக்கு என்ன செய்தது என்று சொல்லிவிடும். போடுவதானால் எழுத்தில் சம்மதம் வேண்டும்: எந்தப் படம், எங்கே போடுவது, எவ்வளவு காலம், வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம் என்று அதிலேயே எழுதி. அதையும் வாயில் ஊசி போட்டு விறைத்துக் கிடக்கும்போது நீட்டாதீர்கள், கம்பி போட்டு அரைவாசியில் இருப்பவரிடமும் கேட்காதீர்கள். மிச்ச வைத்தியம் உங்கள் கையில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்? எல்லாம் முடிந்து காசும் கட்டினபிறகு, வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏறியிருக்கும் படங்களில் தாள் இல்லாததை எல்லாம் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். முதலாளி சபையில் பதிந்த வைத்தியராக இல்லாவிட்டால் மருத்துவச் சபை அவரைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்காது, உங்களைத்தான் கேட்கும். அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சொன்னதாக ஒரு மெசேஜும் போட்டு வையுங்கள்.